மாலேயோடு பேசும்போது தங்கல் படகையும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா–மாலத்தீவு உறவைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் எழுதினால் ஹெலிகாப்டர், டோர்னியர் விமானம், சீனா, சுற்றுலா என்ற நாலு வார்த்தைக்குள் விஷயம் முடிந்துபோகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு நுனியில், கேரள எல்லையை ஒட்டி நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாக எட்டுக் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், சில வேளை 40 நாளும் ஆகும். நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலோடு, கேரை, சூரை என்ற டூனா வகைகளையும் சுறாவையும் தேடி லட்சத்தீவு தாண்டி மேற்கே போகிற இந்தப் படகுகளுக்குத் தெற்கே இருக்கும் அண்டை நாடு மாலத்தீவு. படகு அங்கே பிடிபட்டால் தகவல் எத்தனை நாளில் ஊருக்கு வரும், ஆட்கள் எப்போது வருவார்கள், படகு வருமா வராதா என்பவைதான் இந்தக் கரைக்கு வெளியுறவுக் கொள்கை. அதைப் பற்றி உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டே இந்தக் கடிதம்.

உறவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடலாம். மாலத்தீவு 1965 ஜூலை 26 அன்று விடுதலை பெற்றது. அந்த ஆண்டே இந்தியா தூதரக உறவு வைத்தது. 1988 நவம்பர் 3 அன்று கூலிப்படை தலைநகர் மாலேயைப் பிடித்தபோது ஆக்ராவிலிருந்து கிளம்பிய பாராசூட் படையினர் அன்றிரவே ஹுல்ஹுலே விமானதளத்தில் இறங்கினார்கள். 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்து ஊரே தாகத்தில் நின்றபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. 2023 நவம்பரில் முகமது முய்சு அதிபரானதும் காற்று மாறியது. இந்திய ராணுவத்தினர் 2024 மே 10க்குள் வெளியேறி, அவர்கள் இடத்தில் சிவில் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் டெல்லி வந்தபோது 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு ஆனது. 2025 ஜூலையில் பிரதமர் மாலே போனபோது 4,850 கோடி ரூபாய் கடன் வசதி அறிவிக்கப்பட்டது. அந்தப் பயணத்திலேயே மீன்வளத்துக்கும் நீர்வாழ் உயிரி வளர்ப்புக்கும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரை மீன்பிடி, குளிர்பதனக் கிடங்கு, குஞ்சுப் பொரிப்பகம், பயிற்சி என்று அதில் நல்ல விஷயங்கள் பேசப்பட்டன. ஆனால் எல்லை தாண்டிப்போய்விட்ட படகை என்ன செய்வது என்பது இன்னும் தலைப்புச் செய்தி ஆகாமலே கிடக்கிறது.

முதலில் கடல் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்போம். தெற்கே எங்கே திரும்பினாலும் 200 கடல் மைல் நம்முடையது என்ற நினைப்பு கரையில் பலருக்கும் உண்டு. மாலத்தீவுப் பக்கம் அது பொருந்தாது. லட்சத்தீவின் தென்கோடித் தீவான மினிக்காய் சுமார் 8 பாகை (டிகிரி) 17 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வடக்கில் இருக்கிறது, மாலத்தீவின் வடமுனைத் தீவுகள் சுமார் 7 பாகை 6 கலையில். இரண்டுக்கும் நடுவே சுமார் 70 கடல் மைல்தான். இதுதான் எட்டு டிகிரிக் கால்வாய். 1976 டிசம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த இடைவெளியை ஏறத்தாழ நடுவில் பிரிக்கிறது. ஆக மினிக்காய்க்குத் தெற்கே 35 கடல் மைல் போனாலே கோடு வந்துவிடும். கிழக்கே அந்தக் கோடு அகன்று, தென்கிழக்காக இறங்கி, இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் சந்திக்கும் புள்ளியில் முடிகிறது. அந்தப் புள்ளி சுமார் 4 பாகை 47 கலை வடக்கு, 77 பாகை கிழக்கு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தூத்தூர்க் கடற்கரைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 210 கடல் மைலில் விழுகிறது. நம் கரைக்கு எதிரே தெற்கே பரந்த கடல் இருக்கிறது, மேற்கே போகப்போக அது ஒடுங்குகிறது. இந்த ஒடுக்கம்தான் படகுகளைச் சிக்கவைக்கிறது.

கோட்டைத் தெரிந்தே தாண்டுகிறவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தூண்டில் தொழிலில் தெரியாமல் தாண்டுவது எப்படி என்று கரையில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதன்மைக் கயிறு பல கிலோமீட்டர் நீளம். மாலையில் கயிறு விட்டுவிட்டு இயந்திரத்தை அணைத்து, 8 முதல் 10 மணி நேரம் படகும் கயிறும் நீவாட்டோடு, அதாவது நீரோட்டம் இழுக்கிற போக்கில், கிடக்கும். வாடைக் காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இலங்கைக்குத் தெற்கேயிருந்து நீரோட்டம் மேற்கு நோக்கி மாலத்தீவுப் பக்கம் போகிறது. மணிக்கு 1 கடல் மைல் ஓட்டம் என்றால் விடியும்போது படகு 10 கடல் மைல் தள்ளிக் கிடக்கும், 2 கடல் மைல் ஓட்டம் என்றால் 20. கோட்டிலிருந்து 10 மைல் உள்ளே நின்று கயிறு விட்ட ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்), தூங்கி எழும்போது அடுத்த நாட்டில் இருப்பார். படகு இந்தப் பக்கமே கிடந்தாலும் கயிற்றின் மறுமுனை அந்தப் பக்கம் போயிருக்கலாம். ரோந்துக் கப்பல் முதலில் பார்ப்பது அந்த முனையின் மிதவைக் கொடியைத்தான். ஆகவே வாடைக் காலத்தில் மாலத்தீவுக் கோட்டிலிருந்து குறைந்தது 25 கடல் மைல் விட்டுக் கயிறு விட வேண்டும். 20 மைல் நீவாட்டுக்கு, 5 மைல் கயிற்றுக்கு.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாதது. ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைப் பாகை–கலையாகவும் காட்டலாம், பாகையின் தசமமாகவும் காட்டலாம். ஒருவர் தாளில் 7.40 என்று எழுதிக் கொடுக்கிறார். அவர் மனதில் இருப்பது 7 பாகை 40 கலை. கருவி தசமத்தில் இருந்தால் அது 7 பாகை 24 கலை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கலை ஒரு கடல் மைல், வித்தியாசம் 16 கடல் மைல். எட்டு டிகிரிக் கால்வாயில் 16 மைல் தெற்கே போனால் கோட்டைத் தாண்டி வெகுதூரம் உள்ளே. ஒரு புள்ளி செய்கிற வேலை இது. படகு கிளம்பும் முன் கருவியின் அமைப்புத் திரையைத் திறந்து எந்த முறையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறவர்கள் எட்டு டிகிரிக் கால்வாய் வழியாக மினிக்காய்க்குத் தெற்கே நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை. மினிக்காய்க்கு வடக்கே இருக்கும் ஒன்பது டிகிரிக் கால்வாய் முழுக்க நம் கடல். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நேர் மேற்கே போவதைவிட, மினிக்காய்க்கு வடக்கே 8 பாகை 45 கலையைக் குறிவைத்துப் போனால் அதுவரைக்கும் கூடும் தூரம் 2 கடல் மைல் மட்டுமே. கொச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அதுவே இயல்பான வழி. ஒரே எச்சரிக்கை, அந்தப் பாதையில் பெரிய சரக்குக் கப்பல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. விளக்கு எரிய வேண்டும், காவலுக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் படுத்துக் கயிறு விடக் கூடாது.

மாலத்தீவின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அவர்களுடைய நிலப்பரப்பு மொத்தம் 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கடல் சுமார் 9 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் ஐந்து லட்சம் சொச்சம். மீனும் சுற்றுலாவும் போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. சூரையைக் கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடிக்கிற நாடு அது. நம் பக்கத்தில் மாசிக் கருவாடு என்று வாங்குவதெல்லாம் அந்தச் சூரையின் வழிவந்ததுதான். அப்படிப் பிடித்ததால்தான் வெளிநாட்டுச் சந்தையில் அவர்கள் சூரைக்குத் தனி மதிப்பு. 2010 மார்ச்சில் மாலத்தீவு தன் கடல் முழுவதும் சுறா பிடிக்கத் தடை போட்டது. முத்துக் குளிப்பவர்போல நீருக்குள் இறங்கிச் சுறாவைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிற வெளிநாட்டுக்காரர்களால் அங்கே எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது. நம் படகில் இரும்புக் கம்பிக் கிளைக்கயிறு, ஐஸ் அறையில் சுறா, சுறாத் துடுப்பு தனியாக மூட்டை என்று இருந்தால் அவர்கள் கண்ணுக்கு அது வழிதவறி வந்த படகாகத் தெரியாது, கொள்ளையடிக்க வந்த படகாகத்தான் தெரியும். சுறாத் துடுப்பை உடம்பிலிருந்து வெட்டித் தனியாகக் கொண்டுவருவதை நம் அரசே 2013இல் தடுத்துவிட்டது. ஆகவே இதில் வழக்காடுவதற்கு நமக்கு இடமில்லை. மாலத்தீவுக் கடலை ஒட்டிப் போகும் படகில் சுறாக் கம்பியை ஏற்றுவதைக் கரையிலேயே நிறுத்துவது நல்லது என்பது இந்தக் கடிதம் எழுதுகிறவர்களின் உறுதியான கருத்து.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபர் நிகழ்வே எடுத்துக்காட்டு. தூத்துக்குடி மாவட்டம் தருவைகுளத்து விசைப்படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை 12 மீனவர்களோடு பிடித்தது. மீனவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். படகுக்கு 42 லட்சம் மாலத்தீவு ரூபியா அபராதம், நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல். ஆட்கள் வீடு திரும்பியதும் பத்திரிகையில் செய்தி முடிந்துவிடும். படகின் மேல் வாங்கிய கடன் முடியாது.

இங்கேதான் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் இந்தியா 1995இலும் மாலத்தீவு 2000இலும் சேர்ந்தன. அதன் 73ஆம் பிரிவு நான்கு காரியங்களைச் சொல்கிறது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன் சட்டத்தை அமல்படுத்தக் கடலோர நாடு படகில் ஏறலாம், சோதிக்கலாம், பிடிக்கலாம். நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மீன்பிடி மீறலுக்குச் சிறைத்தண்டனை கூடாது. படகைப் பிடித்ததையும் போட்ட தண்டனையையும் கொடி நாட்டுக்கு, அதாவது படகு பதிவான நாட்டுக்கு, உடனே தெரிவிக்க வேண்டும். பிணைத்தொகை கட்டியும் விடவில்லை என்றால், பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் எங்கே வழக்காடுவது என்று இரு நாடுகளும் ஒத்துப்போகாதபோது, கொடி நாடு ஹாம்பர்க் கடல் நீதிமன்றத்துக்கே போகலாம் என்று 292ஆம் பிரிவு சொல்கிறது. கவனிக்க வேண்டியது, அங்கே போக வேண்டியது நாடு, அல்லது நாட்டின் பேரில் ஒருவர். படகு முதலாளி தானாகப் போக முடியாது. டெல்லியின் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு தனிப் பொருளாதார மண்டலத்துக்குத்தான். மாலத்தீவு தீவுக்கூட்ட நாடு. பவளத்தீவுகளுக்கு நடுவே இருக்கும் நீர் அவர்களுடைய உள்கடல்போல. அங்கே நுழைந்துவிட்டால் 73ஆம் பிரிவைச் சொல்லிப் பயனில்லை.

தூதரகத்துக்குச் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவின்படி, பிடிபட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கேட்டுக்கொண்டால் என்ற சொல்தான் முக்கியம். பயத்தில் வாய் திறக்காமல் இருக்கும் தொழிலாளி இதைக் கேட்க மாட்டார். "இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலும் மாலத்தீவு மொழியான திவேகியிலும் அட்டையில் அச்சடித்து, படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் ஒட்டிவைக்க வேண்டும். மாலத்தீவுக் காவல்படை வீரரிடம் அதைச் சுட்டிக் காட்டினாலே போதும். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் அந்த அட்டையின் பின்புறம் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். இப்போது நம் படகுகளில் ஒடிசா, வங்காளம், அசாம் ஆட்களும் வேலை செய்கிறார்கள்.

ரோந்துக் கப்பல் வரும்போது கயிற்றை வெட்டிவிட்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வெளிக்கடலில் துரத்திப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. தப்பி ஓடியது தனிக் குற்றமாகச் சேரும். நீவாட்டில் வந்தோம் என்ற நியாயமும் போய்விடும். அணைத்த இயந்திரம், ஓடும் தடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். திரை, வி.எச்.எப். வானொலியின் 16ஆம் சேனலில் படகின் பெயரும் இடமும் சொல்லும் குரல், இவை மூன்றும் நம் பக்கத்துச் சாட்சி. மீன் பிடிக்காமல் கடந்துபோகிற படகு என்றால் தூண்டில் பெட்டிகள் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருக்க வேண்டும். கோட்டை நெருங்கும்போது அந்தப் பெட்டிகளையும் ஜி.பி.எஸ். திரையையும் ஒன்றாக ஒரு படம் எடுத்து வைத்தால் மூடியது எப்போது என்று பிறகு யாரும் கேட்க முடியாது. தடம் நேர்கோடாகவும் வேகம் சீராகவும் இருந்தால் கடந்துபோன படகு. வளைந்து வளைந்து 2 மைல் வேகத்தில் சுற்றியிருந்தால் மீன் பிடித்த படகு. அதிகாரி முதலில் பார்ப்பது இதைத்தான். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்க அரசு இலவசமாகக் கொடுத்த டிரான்ஸ்பாண்டர் கருவியை, மீன் கண்ட இடம் வெளியே தெரிந்துவிடும் என்று அணைத்து வைக்கிறவர்கள், தங்களுக்குச் சாதகமான ஒரே கரைச் சாட்சியையும் சேர்த்து அணைக்கிறார்கள்.

இனி எல்லைப்புறத்துக்கே உரிய தொல்லை. எட்டு ஊர்ப் படகுகள் பதிவானது தமிழ்நாட்டில். ஆனால் கிளம்புவதும் மீன் இறக்குவதும் பெரும்பாலும் கொச்சியிலும் முனம்பத்திலும் நீண்டகரையிலும். ஆள் தமிழ்நாடு, படகு தமிழ்நாடு, துறைமுகம் கேரளம், டீசல் போட்ட ரசீது கேரளம். மாலேயிலிருந்து "இந்தப் படகு உங்களுடையதா, இந்த ஆட்கள் யார்" என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டிய மேசை எது? ஒரு மாநிலத்து அலுவலகம் பதிவுப் புத்தகத்தைத்தான் பார்க்கும், மற்ற மாநிலத்து அலுவலகம் புறப்பட்ட சீட்டைத்தான் பார்க்கும். இரண்டும் சேர்ந்த தாள் எங்கும் இருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு மாநிலத்திலும் கணக்குச் சேராமல் இந்தக் கரை பட்ட பாடு நாட்டுக்கே தெரியும். அந்தக் கணக்குத்தான் வேறு உருவத்தில் மாலத்தீவு வழக்கிலும் தடுமாறுகிறது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஐஸ் கரைகிறது, மீன் கெடுகிறது, துறைமுகக் கட்டணம் ஏறுகிறது.

தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. படகு கிளம்பும்போது ஆட்கள் பட்டியல் ஒன்று: பெயர், ஊர், ஆதார் அல்லது மீனவர் அடையாள அட்டை எண், வீட்டுத் தொலைபேசி, அத்துடன் படகின் பதிவு எண், டிரான்ஸ்பாண்டர் எண், இயந்திர எண். மூன்று படி எடுத்து ஒன்று படகில், ஒன்று துறைமுகத்தில், ஒன்று குமரி மாவட்ட மீன்வளத் துறையில். வழியில் ஆள் மாறினால், அதாவது ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறினால், அன்றே திருத்தம் போக வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரே ஒரு ஆளால் மொத்தப் படகின் விடுதலையும் நின்றுபோவது உண்டு. அவர் இந்தியர்தான் என்று அவருடைய சொந்த மாநிலக் காவல்துறை உறுதி சொல்லும் வரை தூதரகத்தால் பயணத் தாள் கொடுக்க முடியாது. 2025 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த தனிப் பொருளாதார மண்டல விதிகளின்படி விசைப்படகுகள் ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அதே இணையதளத்தில் ஆட்கள் பட்டியலையும் சேர்த்து, இரு மாநிலமும் ஒரே திரையில் பார்க்கும்படி செய்தால் யாரும் கோப்பு தேட வேண்டியதில்லை.

டெல்லி மாலேயிடம் கேட்க வேண்டியதும் எளிது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் தகவல். கடந்துபோகும் படகுக்குத் தூண்டில் மூடும் முறையை இரு நாடும் ஒத்துக்கொண்ட ஒரு தாளில் எழுதுவது. பிணைத்தொகைக்கு முன்கூட்டியே ஒரு அட்டவணை, நீவாட்டில் வந்த படகுக்கும் வலிய நுழைந்த படகுக்கும் வேறு வேறு தொகையாக. இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், நமக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத பாகிஸ்தானோடு 2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் கைதிகள், மீனவர்கள் பட்டியல் கைமாறுகிறது. இலங்கையோடு 2016இல் அமைச்சர்கள் கூடிக் கூட்டுச் செயற்குழு அமைத்தார்கள். அங்கே பிரச்சினை தீரவில்லை, ஆனால் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கிறது. மாலத்தீவுக் கடலோரக் காவல்படையோடு நம் காவல்படை 1991 முதல் தோஸ்தி கூட்டுப் பயிற்சி நடத்துகிறது. 2023 மே மாதம் ரோந்துக் கப்பல் ஒன்றை நாமே அவர்களுக்குக் கொடுத்தோம். கப்பலும் ரேடாரும் பயிற்சியும் கொடுக்கிற அளவு நெருக்கம் இருக்கும்போது, அந்தக் கப்பல் ஒரு தூத்தூர்ப் படகைப் பிடித்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைப்பது பெரிய நாட்டின் கடமை.

அவர்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று தங்கள் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மூன்று படகுகளில் இந்தியக் கடலோரக் காவல்படையினர் ஏறியதாக மாலே புகார் சொல்லி விளக்கம் கேட்டது. அப்போது இரு நாட்டு உறவும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். படகில் எப்படி ஏறுவது, யாருக்குச் சொல்வது என்று எழுதிய முறை ஒன்று இருந்திருந்தால் அது இரண்டு காவல்படைத் தலைவர்களின் தொலைபேசிப் பேச்சோடு முடிந்திருக்கும். அவர்களுடைய தோணிகளும் இயந்திரம் பழுதாகி நம் பக்கம் ஒதுங்குவதுண்டு. மொழிக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. மினிக்காய் மக்கள் பேசும் மஹல், மாலத்தீவின் திவேகியேதான். அவர்களில் பலருக்கு மலையாளம் தெரியும், எல்லையோரத் தமிழருக்கும் மலையாளம் தெரியும். மினிக்காயிலிருந்து நான்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பட்டியலில் வைத்தால் வாக்குமூலப் பிரச்சினை பாதி தீரும். மாலத்தீவுத் துணைத் தூதரகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, தூத்தூரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள். மீனவர் சங்கங்களும் தேவாலயப் பங்குப் பேரவைகளும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்ப் பேசலாம். டெல்லி வரை போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இருப்பதன் வலு என்ன என்பதற்கு அதே கடலின் தெற்கு மூலையில் சாட்சி இருக்கிறது. 1965இல் பிரிட்டன் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்தபோது, விடுதலைக்குக் காத்திருந்த அந்தச் சின்னத் தீவின் தலைவர்கள் வலுவில்லாத நிலையிலும் சில உறுதிகளைப் பதிவில் ஏற்றினார்கள். மீன்பிடி உரிமை அதில் ஒன்று. 2010இல் பிரிட்டன் அந்தக் கடல் முழுவதையும் மீன்பிடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. மொரீஷியஸ் அந்தப் பழைய பதிவைத் தூக்கிக்கொண்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 மார்ச் 18 அன்று, அந்த உறுதிகள் பிரிட்டனைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், அறிவிப்பு உடன்படிக்கைக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2019இல் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்து, 2025 மே 22 அன்று சாகோஸின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டு அதிலுள்ள டியேகோ கார்சியா தீவை 99 ஆண்டுக்குக் குத்தகை எடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று அது நகர்ந்தது. அந்தக் கடலிலும் எங்கள் கரைப் படகுகள் பிடிபட்டதுண்டு. மொரீஷியஸோடு டெல்லிக்கு இருக்கும் நெருக்கத்தில் அந்தக் கடலைப் பற்றியும் இப்போதே பேசி வைக்கலாம். அங்கே மீன்பிடிக்க அனுமதி கேட்பது பேராசை. பிடிபட்டால் தகவல் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாளும் படகுகள் கரையில் நிற்கும், ஸ்ராங்குகள் ஊரில் இருப்பார்கள். ஆகஸ்ட் 1 அன்று படகுகள் கிளம்பும் முன் மாலத்தீவுக் கோட்டின் புள்ளிகளை ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக் கொடுக்கவும், தூதரக அட்டையை அச்சடிக்கவும், ஆட்கள் பட்டியலை இரு மாநிலத் துறைகளுக்கும் ஒப்படைக்கவும் அந்த இரண்டு மாதம் தாராளம். மாவட்ட நிர்வாகமும் கேரளத் துறைமுக அதிகாரிகளும் தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ ஒரே நாளில் கூடி இதைச் செய்ய உங்கள் பத்திரிகை குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆழ்கடல் மீன்பிடி ஊர் வாசகர்கள்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.